வாங்கில் ஏறிய சொல்

தமிழ் மாஸ்டர் போய்விட்டார் என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்த அதே கிழமைதான் சிறப்பு மலருக்குக் கட்டுரை கேட்டு மலர்க்குழுவின் மடலும் வந்தது. இம்முறைத் தலைப்பு: 'அடுத்த தலைமுறைக்குக் கடத்துவோம்'. எனக்குச் சிரிப்பு வந்தது. 1974இல் எட்டாம் வகுப்பில் என்னோடு இருந்தவர்களுக்கும் வந்திருக்கும்.

இரண்டாம் பாடம் விஞ்ஞானம். கடத்தி, காவலி, வெப்பக் கடத்தல் எல்லாம் எழுதி முடித்த கையோடு மாஸ்டர் உள்ளே வந்தார். "கடத்து. ஒரு வசனம் சொல்லடா" என்று என்னை எழுப்பினார். செப்புக்கம்பி மறந்துபோனது. "எங்கடை சித்தப்பா இந்தியாவிலையிருந்து சாறி கடத்துறவர், சேர்" என்றேன். கரையோரப் பிள்ளைக்கு அதில் ஒளிக்க என்ன இருக்கிறது? இலங்கையில் அது இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலம். சிரித்தவர்களில் பாதிப் பேரின் தாய்மார் கட்டியதும் அந்தச் சாறிதான். தண்டனையாக, மணி அடிக்கும்வரை வாங்கில் (பெஞ்சில்) ஏறி நின்றேன்.

நான் மேலே நிற்க, கீழே பாடம் நடந்தது. நட, நடத்து, கிட, கிடத்து, கட, கடத்து. தானே கடந்தால் தன்வினை, இன்னொன்றைக் கடக்க வைத்தால் பிறவினை. 'காலம் கடத்தாதே' என்பதும் அதுவே. கடைசியில், "இவன்ரை சித்தப்பா செய்யிறதும் இலக்கணப்படி சரிதான்" என்றார். அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு. கனகாலம் நான் அவரை மன்னிக்கவில்லை.

அப்புறம் என்னையே கடத்தினார்கள். 1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர் மீட்கப்பட்டார்களே, அவர்களில் நான் இல்லை. எனக்கு வாய்த்தது ஒரு ஏஜென்சிக்காரனும் யாரோ ஒருவரின் கடவுச்சீட்டும் (அதற்குள்ளும் அதே 'கட'தான்). புறப்படுமுன் சொல்லிக்கொள்ளப் போனேன். மாஸ்டர் கிணற்றடியில் வாளியோடு நின்றார். "தன்வினையோ, பிறவினையோ?" என்று மட்டும் கேட்டார். பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். கடிதமும் போடவில்லை.

மலர்க்குழுவுக்கு ஒன்று: நம்மூரில் 'கையளித்தல்' என்று ஒரு சொல் புழக்கத்தில் இருக்கிறது. கையளிக்க, எதிரே ஒரு கை நீள வேண்டும். கடத்துவதற்கு அது தேவையில்லை. சரக்குக் கரை சேர்ந்தால் போதும்.

இதை எழுதும்போது பேத்தி எட்டிப் பார்த்தாள். தலைப்புச் சொல்லை எழுத்துக்கூட்டிக் கைபேசியில் தட்டினாள். ஆட்கடத்தல் என்று வந்ததாம், விழுந்து விழுந்து சிரித்தாள். "அப்பிடியில்லைப் பிள்ளை, கட, கடத்து..." என்று தொடங்கினேன். அதற்குள் அவளுக்கு அழைப்பு வந்துவிட்டது.