கம்புக்குத் தொல்லையில்லை, பிச்சுவாவுக்கு?

நியூஜெர்சியின் எடிசனில் சிலம்பம் கற்றுக்கொடுப்பதில் கம்பு வரைக்கும் ஒரு தொல்லையும் இல்லை. பிரம்பு இங்கேயே கிடைக்கிறது. பூங்காவில் பிள்ளைகள் சுற்றினால், நாயோடு நடக்க வந்தவர்கள் நின்று வேடிக்கை பார்ப்பார்கள், அவ்வளவுதான். அடுத்த பாடம் பிச்சுவா என்கிற குத்துவாள், வளைந்து சுருளும் சுருள்வாள் என்று போகும்போதுதான் சட்டத்தைப் புரட்ட வேண்டியிருக்கிறது.

ஊரிலிருந்து புதிதாக வருகிறவர்கள், நாடு முழுக்க ஒரே ஆயுதச் சட்டம் என்று நினைப்பார்கள். இங்கே மாநிலத்துக்கு ஒன்று, சில நகரங்களுக்குத் தனியாக இன்னொன்று. நியூஜெர்சி குத்துவாளைப் பெயர் சொல்லியே பட்டியலில் வைத்திருக்கிறது. சட்டப்படியான காரணம் ஒன்றைச் சொல்ல முடியாவிட்டால், வைத்திருப்பதே குற்றம். பட்டியலில் இல்லாத ஆயுதங்களுக்கு, எந்தச் சூழ்நிலையில் கையில் இருக்கிறது என்று பார்க்கிறார்கள். வகுப்புக்குப் போகும்போது உறைபோட்டு டிக்கியில் பூட்டியிருக்கும் வாளும், மளிகைக்கடை வாசலில் இடுப்பில் தொங்கும் வாளும் ஒன்றல்ல.

ஹட்சன் ஆற்றைத் தாண்டினால் கணக்கு மாறும். நியூயார்க் நகரத்தில் அலகு 4 அங்குலமோ அதற்கு மேலோ இருக்கும் கத்தியைப் பொது இடத்தில் கொண்டுபோகக் கூடாது. நாடகக் குழு, அணிவகுப்புக் குழு போன்றவர்கள் நிகழ்ச்சிக்கோ ஒத்திகைக்கோ கொண்டுபோனால் விலக்கு உண்டு. குயின்ஸில் பொங்கல் விழாவுக்கு ஆடப்போகும் சிலம்பக் குழு அதில் சேருமா? நடுரோட்டில் போலீஸ்காரரிடம் வாதாடிப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. மரவாள்தான் எடுத்துப் போவோம். பார்க்கிறவர்களுக்குக் கொஞ்சம் சப்பென்றுதான் இருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும்.

இரண்டு கட்டைகளைச் சங்கிலியாலோ கயிற்றாலோ இணைத்த நுன்சாக்கு பட்ட பாடு தனி. ப்ரூஸ் லீ மோகம் உச்சத்தில் இருந்த 1974இல் நியூயார்க் மாநிலம் அதை வீட்டில் வைத்திருக்கக்கூடத் தடை போட்டது. 2000இல் அதற்காக வழக்கில் சிக்கிய ஜேம்ஸ் மலோனி, வருஷக்கணக்காக நீதிமன்றப் படியேறி, 2018 டிசம்பரில் அந்தத் தடையைச் செல்லாததாக்கினார். 2019இல் அரிசோனாவும் தடையை எடுத்துவிட்டது. ஆனால் மசாசூசெட்ஸ் சட்டத்தில், வெளியே கொண்டுபோகக் கூடாதவற்றின் பட்டியலில் அது இன்னும் இருக்கிறது.

இரண்டு மான்கொம்புகளை எதிரெதிராகச் சேர்த்துக் கட்டிய மடுவு என்ற ஆயுதம், நான் பார்த்த பட்டியல் எதிலும் இல்லை. அதற்காகச் சந்தோஷப்பட வேண்டாம், இரண்டு பக்கமும் கூர்முனையோடு இருப்பதைப் பார்த்தால் யாருக்கும் குத்துவாள் ஞாபகம்தான் வரும். அப்புறம், தாத்தா காலத்து மான்கொம்பு மடுவை ஊரிலிருந்து கொண்டுவரும் ஆசையே வேண்டாம். வெளிமான் கொம்பென்றால், இங்கே வந்து சேருமுன்பே இந்தியாவின் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பிடித்துக்கொள்ளும். இரும்பில் அடித்ததே பயிற்சிக்குப் போதும்.