ஜப்பான் அரிசிக்குத் தண்ணி அதிகம் வைக்காதீங்க

ஜப்பானுக்குப் புதுசா வந்தவங்க முதல் வாரமே சொல்றது, "சோறு களியாயிடுது". அரிசியில குறை இல்லை, தண்ணிக் கணக்குதான் தப்பு. பொன்னிக்கு ஒன்றுக்கு இரண்டரை வைக்கிற கை, இங்கேயும் அப்படியே ஊத்திடுது.

இந்தக் குட்டை அரிசியில அமைலோஸ்ங்கிற மாவுச்சத்து வகை குறைவு, அதனால இயல்பாவே ஒட்டும். ரைஸ் குக்கரோட வர்ற கப் 180 மில்லிதான். அரிசி அதுல 150 கிராம் பிடிக்கும். அதுக்கு 200 மில்லி தண்ணி போதும். மூணு நாலு தடவை மெதுவா அலசி, அரை மணி நேரம் ஊறவிடுங்க. வெந்ததும் 10 நிமிஷம் மூடியைத் திறக்காம விட்டு, அடியிலிருந்து கிளறிவிடணும். அந்த 10 நிமிஷத்தைத் தாண்டுறதுக்குள்ள திறந்தா மேல ஈரம், நடுவுல அரிசி.

தயிர்சாதத்துக்கு இதை அடிச்சுக்க வேற அரிசி கிடையாது. எலுமிச்சை சாதம், புளியோதரைக்கு மட்டும் வேண்டாம், உதிராது. அதுக்கு இந்தியக் கடையில பாஸ்மதியோ சோனா மசூரியோ வாங்கிக்கோங்க.

சைவக்காரங்க கவனிக்க: காய் மட்டும் மிதக்கிற மிசோ (புளிக்கவைச்ச சோயா விழுது) சூப்பிலும், உடோன் (தடிச்ச கோதுமை நூடுல்ஸ்) குழம்பிலும் பெரும்பாலும் 'தாஷி' இருக்கும். அது வழக்கமா காய்ந்த கட்சுவோ மீன்ல இறக்கின சாறு. வீட்டுல செய்யறதுன்னா 'கொம்பு'ங்கிற காய்ந்த கடற்பாசி 10 கிராமை ஒரு லிட்டர் தண்ணியில ராத்திரி முழுக்க ஊறப்போடுங்க, அதே ருசி கிட்டத்தட்ட வந்துடும்.

ஊர்லருந்து பிரஷர் குக்கர் கொண்டுவர்றவங்க அடியில காந்தம் ஒட்டுதான்னு பாருங்க. ஒட்டலைன்னா சாதாரண இண்டக்ஷன் அடுப்புல சூடாகாது.