கொட்டையை விடாத பழம்

முதல் பழத்தைச் சுற்றி வெட்டித் திருகியதுமே தெரிந்துவிட்டது, இது கொட்டையை விடாத ரகம்.

காப்ளர் செய்யலாமென்று ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் வாங்கிய கொடைக்கானல் பீச். பழத்தின் மேல் மாவைப் பரப்பி அடுப்பில் சுட்டெடுக்கும் இனிப்புதான் காப்ளர். பெரிய எலுமிச்சை அளவுதான். பாதி பச்சை. கடித்தால் பல் கூசும்.

கொதிநீரில் அரை நிமிடம் போட்டெடுத்ததும் தோல் சமர்த்தாக உரிந்துவந்தது. சதையைத்தான் சுரண்டி எடுக்க வேண்டியிருந்தது. கொட்டையின் பள்ளங்களில் சிவந்த நார் கடைசிவரை ஒட்டிக்கொண்டே இருந்தது.

சர்க்கரை, பட்டைத் தூள், மேலே வெண்ணெய் பிசைந்த மாவு. பேக்கிங் பவுடரைக் கொஞ்சம் குறைத்தேன். 2,100 மீட்டர் உயரத்தில் மாவு அவசரமாக எழும்பி அப்படியே அமுங்கிவிடும். மூன்று கேக்குகளைப் பறிகொடுத்துக் கற்றது இது.

நாற்பது நிமிடத்தில் ஓரங்களில் சாறு குமிழியிட்டது.

"இது களியா, கேக்கா?" என்றார் அப்பத்தா. கை மட்டும் இரண்டாவது கிண்ணத்துக்கு நீண்டது.

காப்ளர் அமெரிக்கப் பலகாரம். 1845-இல் இந்த மலையில் முதல் பங்களாக்களைக் கட்டியவர்களும் அமெரிக்க மிஷனரிகள்தான். அவர்கள் வீட்டு அடுப்படியிலும் யாரோ ஒருவர் இப்படிப் புளிக்கும் பழத்தோடு மல்லுக்கட்டியிருப்பாரோ? நம்மூர்க்காரராகத்தான் இருந்திருப்பார். அவர் எவ்வளவு சர்க்கரை போட்டார் என்று யார் எழுதிவைத்திருக்கப் போகிறார்கள்!

நான் ஒரு கை கூடவே போட்டேன்.