தேக்குப் பெட்டிக்கு டவ்டெயில்: இடைவெளி சுலபம், பலகைதான் சோதித்தது

பெட்டி ஒருவழியாக மூலைமட்டத்துக்கு நிற்கிறது, நான்கு மூலையிலும் வால்கள் ஒரே அகலம். டவ்டெயில் என்றால் ஒரு பலகை முனையில் புறா வால் போல விரியும் 'வால்'களும், எதிர்ப்பலகை முனையில் அவற்றின் நடுவே நுழையும் 'பின்'களும் ஆணியில்லாமல் கோத்துக்கொள்ளும் மூலை இணைப்பு. ஆனால் அதிக நேரத்தைத் தின்றது வெட்டு வேலை இல்லை. மில்லில் இழைத்து வந்த பலகை. 19 மி.மீ. என்று கொடுத்தது மறுமுனையில் 18-கூட இல்லை. ஆணி அடிக்கிற பெட்டிக்கு இதெல்லாம் பொருட்டே இல்லை. டவ்டெயிலில் ஒரு பலகையின் தடிமன்தான் எதிர்ப்பலகையில் வெட்டின் ஆழம். தடிமன் மாறினால் ஆழக்கோடும் மாறும். மில்லுக்குப் போகும்போதே வெர்னியர் காலிப்பர் கொண்டுபோய் நான்கு மூலையிலும் அளந்துவிடுங்கள். "மரம்னா அப்படித்தான் சார்" என்பார்கள். அரை மி.மீ. வித்தியாசத்தைக் கை இழைப்புளியில் சரிசெய்யலாம். அதற்கு மேல் என்றால் அங்கேயே மறுபடி மெஷினில் போடச் சொல்லுங்கள். பழைய வீட்டுத் தேக்கானால் ஒரு காந்தத்தையும் ஓட்டிப் பார்க்க வேண்டும். உள்ளே முறிந்து நிற்கும் ஆணி உளியின் வாயைக் காலி செய்துவிடும்.

கைப்பிடி குறுக்குப் பலகைகளில் வருவதால் வால்களை நீளப் பலகைகளில் வெட்ட வேண்டும். அப்போதுதான் தூக்கும் இழுப்பில் மூலை பிரியாது. நீளப் பலகைகள் இரண்டையும் சேர்த்து வைஸில் (பலகையை இறுக்கிப் பிடிக்கும் கருவி) பிடித்து ஒரே வெட்டாக அறுத்தால் இரண்டிலும் வால் ஒன்றுபோல வரும்.

இடைவெளிக்கு ஸ்கேலும் கால்குலேட்டரும் வேண்டாம், டிவைடர் போதும். என் பலகை 360 மி.மீ. உயரம், 6 வால். இரு ஓரத்திலும் அரைப் பின்னுக்கு (ஒரு பக்கம் மட்டும் சரிவுள்ள ஓரப் பின்) 12 மி.மீ. விட்டுக் கோடு. டிவைடரை 57 மி.மீ. சுமாருக்குத் திறந்து, இடக்கோட்டிலிருந்து ஆறு எட்டு எடுத்து வைத்து நடத்துங்கள். கடைசிப் புள்ளி வலக்கோட்டைத் தாண்டி எவ்வளவு விழுகிறதோ, அதுதான் பின்னின் குறுகிய முனையின் அகலம். எனக்கு 8 மி.மீ. தேவை. 9 வந்தால் மிகுந்த 1 மி.மீ.யில் ஆறில் ஒரு பங்குதான் டிவைடரைக் குறைக்க வேண்டும், திருகில் ஒரு சிறு அசைவு. பிறகு அதே அளவில் வலக்கோட்டிலிருந்து இடப்பக்கம் நடத்தினால் எல்லா வால்களின் இரு ஓரமும் கிடைத்துவிடும். கடைசிப் புள்ளி இரண்டும் அரைப் பின்னுக்குள் விழும், விட்டுவிடலாம். அரைப் பின்னையும் பின்னையும் ஒரே அளவில் வைத்தால் அந்தப் புள்ளி சரியாகப் பலகை ஓரத்தில் விழுந்து டிவைடர் வழுக்கும். அரைப் பின் சற்றுப் பெரிதாக இருக்கட்டும். முதலில் பிளப்பதும் அதுதான்.

பலகை ஒட்டுப்போட்டதானால் ஒட்டு பின்னில் வராமல் வாலின் நடுவில் வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள். வாலின் சரிவு தேக்குக்கு 1:8, அதாவது 8 பங்கு நீளத்துக்கு 1 பங்கு சாய்வு. பைன் மாதிரி மென்மையான மரத்துக்கு 1:6. அதற்கு மேல் சாய்த்தால் வாலின் கூர்முனை பொரிந்துவிடும்.

ரம்பம் இன்னொரு தலைவலி. ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் முதுகுப்பட்டை ரம்பத்தின் பற்கள் இருபுறமும் அளவுக்கு மீறி விரிந்திருக்கும். வெட்டு அகலமாகி, கோட்டை விட்டு அலையும். எண்ணெய்க்கல்லை ரம்பத்தின் பக்கவாட்டில் படுக்க வைத்து, பக்கத்துக்கு ஒருமுறை லேசாகத் தேய்த்தாலே அடங்கிவிடும். வால் அறுக்கும்போது சாய்வு கொஞ்சம் பிசகினாலும் பரவாயில்லை, ஆனால் பலகை முனைக்குக் குறுக்கே மூலைமட்டம் பிசகக் கூடாது. பின் அறுக்கும்போது அந்தச் சலுகை கிடையாது. வாலை வைத்துக் கத்தியால் கோடு எடுத்து, கழிவுப் பக்கம் பெருக்கல் குறி போட்டு, கோடு கண்ணில் நிற்கும்படி அறுக்க வேண்டும். பென்சில் கோட்டின் தடிப்பே இங்கே இடைவெளியாகிவிடும்.

உளியை எடுத்த எடுப்பில் ஆழக்கோட்டில் வைத்துக் கொட்டாப்புளியால் அடிக்காதீர்கள். உளியின் சரிவு அதைப் பின்னோக்கித் தள்ளி, கோட்டைத் தாண்டிவிடும். கோட்டிலிருந்து கழிவுப் பக்கமாக 2 மி.மீ. தள்ளி வைத்து, பாதி ஆழம் ஒரு பக்கம், மீதி மறுபக்கம். கோட்டின் மேல் கடைசிச் சீவல் மட்டும். பின் உட்காரும் பள்ளத்தின் வாய் 8 மி.மீ. என்பதால் 6 மி.மீ. உளி தாராளமாக நுழையும். தேக்கில் மணல்சத்து உண்டு, வாய் சீக்கிரம் மழுங்கும். தீட்டுவதற்குச் சோம்பல்பட்டால் பள்ளத்தின் அடி பிய்ந்து வரும்.

பொருத்திப் பார்ப்பது பாதி ஆழம் வரைக்கும்தான். முழுக்க இறக்கிக் கழற்றினால் மரம் நசுங்கி, அடுத்தமுறை தொளதொளவென்று ஆகிவிடும். வாலின் உட்பக்கத்தில் பென்சில் தேய்த்துவிட்டு இறக்கினால் பிடிக்கிற இடம் பின்னில் கறுப்பாகத் தெரியும். அங்கே மட்டும் சீவுங்கள்.

அடிப்பலகை செருகும் காடி (வரிப்பள்ளம்) கடைசி வாலின் மேல் வரட்டும். குறுக்குப் பலகையில் அது முழுக்க ஓடலாம், பின்களுக்கு நடுவே போய்விடும். நீளப் பலகையில் ஆழக்கோட்டைத் தாண்டி 6 மி.மீ.யில் நிறுத்தாவிட்டால் வெளியே சதுர ஓட்டை தெரியும்.

ஒட்டும் முன் தேக்கின் எண்ணெய்ப் பசையைத் தின்னரால் துடைத்துவிட வேண்டும். வெயில் நேரத்தில் பெவிகால் பூசி முடிப்பதற்குள் இழுத்துக்கொள்ளும், அதனால் காலையிலேயே ஆரம்பியுங்கள். கிளாம்ப் போட்டதும் மூலைவிட்டம் இரண்டையும் அளந்து பாருங்கள், இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் மூலைமட்டம்.

இவ்வளவுக்கும் பிறகு இடைவெளி தெரிந்தால் மரத்தூளும் பசையும் குழைத்து அடைக்காதீர்கள், பாலிஷ் போட்டதும் கறுத்துக் காட்டிக்கொடுக்கும். அந்த இடுக்கிலேயே ரம்பத்தை ஒருமுறை ஓட்டி, அதே மரத்தில் சீவிய மெல்லிய ஆப்பைப் பசையோடு செருகி, காய்ந்ததும் இழைத்துவிடுங்கள்.