மாமாவுக்காக ஒரு பாரம் நிரப்பிய கதை

மலேசியாவில் சுங்கை சிப்புட் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு 1948இல் தோட்டத் துரைகள் கொல்லப்பட்டது ஞாபகம் வரும், இல்லாவிட்டால் அமைச்சராக இருந்த துன் சம்பந்தன். எனக்குக் கட்டிப்பால் (உறைந்த ரப்பர் பால்) நாற்றம்தான். பள்ளியில் ஐந்தாம் பாரம் முடித்த கையோடு இங்குள்ள ரப்பர் ஆலை லேப்பில் சேர்ந்தவள் நான். பதினொரு வருஷம் அந்த நாற்றத்தோடுதான் வீட்டுக்கு வந்தேன். தொழில் சொல்லிக்கொடுத்தவர் மாமா. சொந்த மாமா இல்லை. அவர் மனைவியை அத்தை என்று கூப்பிட்டுப் பழகியதால் இவர் மாமா ஆனார்.

மாமா ஓய்வு பெற்று ஒன்பது வருஷம் கழித்து, பொருளறிவியல் பொறியாளர்களின் சங்கம் ஒன்று விருதுக்குப் பெயர் பரிந்துரைக்கச் சொல்லி அறிவித்திருந்ததைப் பார்த்தேன். அதற்கு முன்பே தேடியிருக்கிறேன். ரப்பருக்கென்றே அமெரிக்க வேதியியல் சங்கத்தின் ரப்பர் பிரிவு 1941 முதல் சார்ல்ஸ் குட்இயர் பதக்கம் தருகிறது. பிரிட்டனில் கோல்வின் பதக்கம் இருக்கிறது. அதெல்லாம் நமக்கு எட்டாத உயரம். இந்த அறிவிப்பில் மட்டும் 'தொழிற்சாலை நடைமுறையில் மேம்பாடு' என்று ஒரு பிரிவு இருந்தது. விண்ணப்பிக்க நினைப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது அந்த வரியைத்தான். 'ஆராய்ச்சிப் பங்களிப்பு' என்று மட்டும் போட்டிருந்தால் மாமா மாதிரி ஆளுக்கு நேரத்தை வீணாக்காதீர்கள்.

மாமாவிடம் சொன்னேன். "வேணாம்லா. விருதெல்லாம் டாக்டர் சேகர் மாதிரி ஆளுங்களுக்குத்தான். நான் பால்மரம் வெட்டுனவன் மகன்."

ரப்பர் விஞ்ஞானி சேகரும் தோட்டத்தில் பிறந்தவர்தானே என்றேன். 1929இல் உலு பூலோ தோட்டத்தில் பிறந்து, 1973இல் மக்சேசே விருது வாங்கியவர். ரப்பர் ஷீட்டை வெளிச்சத்தில் பிடித்துக் கண்ணாலேயே தரம் சொன்ன காலம் 1965இல் எஸ்.எம்.ஆர். என்ற மலேசிய ரப்பர் தர முறை வந்ததும் மாறியது. அதன் பிறகு அழுக்கு, சாம்பல், ஈரம் எல்லாம் எண்ணாக வர வேண்டும். அந்த எண்களோடு முப்பது வருஷம் மல்லுக்கட்டியவர் மாமா. கடைசியில் அத்தைதான், "பொண்ணு ஆசைப்படுதுல்ல, கையெழுத்து போடுங்க" என்று முடித்துவைத்தார்.

முதல் வருஷம் தோற்றோம். முழுக்க என் தப்புதான். 'கடின உழைப்பாளி, அர்ப்பணிப்பு மிக்கவர், நேர்மையானவர்' என்று 250 சொல்லையும் நிரப்பி அனுப்பினேன். பரிந்துரைக் கடிதத்தை ஆலை மேலாளரிடமே வாங்கினேன். வேட்பாளரோடு ஒரே இடத்தில் வேலை செய்தவர் கடிதம் தரக்கூடாது என்று விதியில் இருந்தது, நான் கவனிக்கவில்லை. 'வெளியிட்ட கட்டுரைகள்' என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதிவிட்டேன். நம் ஆட்கள் விண்ணப்பத்தைப் பாரம் என்று சொல்வது அன்றைக்குத்தான் எனக்குப் பொருத்தமாகப் பட்டது.

இரண்டாம் வருஷம், சுங்கை பூலோவில் ரப்பர் ஆராய்ச்சியில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவரைத் தேடிப் போனேன். நான் எழுதியதைப் படித்துவிட்டுப் பாதிக்கு மேல் அடித்தார். "என்ன கெட்டுப்போயிருந்தது, இவர் என்ன கண்டுபிடித்தார், அப்புறம் என்ன மாறியது. இந்த மூன்றும் வேண்டும், கூடவே சாட்சி."

கெட்டுப்போயிருந்தது பி.ஆர்.ஐ., அதாவது சூட்டில் ரப்பர் நெகிழ்வை எவ்வளவு காப்பாற்றுகிறது என்ற எண். ரப்பரிலிருந்து சின்ன வில்லைகள் வெட்டி, ஒரு பாதியை 140 டிகிரியில் 30 நிமிஷம் சூடாக்குவோம். இரண்டின் நெகிழ்வையும் அளந்து, சூடுபட்டது எவ்வளவு சதவீதம் தாங்கியது என்று பார்ப்பதுதான் அந்தச் சோதனை. எஸ்.எம்.ஆர். 10 என்ற தரமாக முத்திரை குத்த குறைந்தது 50 வேண்டும். எங்களுக்கு 38, 41 என்று வந்துகொண்டிருந்தது. மேலாளர், சிறுதோட்டக்காரர்கள் கட்டிப்பாலை வெயிலில் போட்டுக் கெடுக்கிறார்கள் என்று விலையைக் குறைத்தார். அவர்கள் ஆலை வாசலில் வந்து நின்று சண்டை போட்டதெல்லாம் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

மாமா யாரையும் திட்டவில்லை. கழுவும் தொட்டியில் ஒரு மாதிரி, ரப்பரை உருளைகளுக்கு இடையில் நசுக்கும் ஒவ்வொரு கிரேப்பருக்குப் பிறகும் ஒன்று, உலர்த்தும் அறைக்குப் பிறகு ஒன்று என்று எடுத்து, எல்லாவற்றையும் ஒரே மாதிரி லேப்பில் காயவைத்துச் சோதித்தார். மூன்றாவது கிரேப்பர் வரை எண் நன்றாக இருந்தது, அதைத் தாண்டியதும் விழுந்தது. அடுத்த கிரேப்பரைப் பிரித்துப் பார்த்தால் உருளையின் அச்சைத் தாங்கும் பித்தளை புஷ் தேய்ந்து பொடியாக ரப்பரில் கலந்துகொண்டிருந்தது. பித்தளையில் பாதிக்கு மேல் செம்பு. ரப்பருக்குச் செம்பு விஷம், துளி கலந்தாலும் ஆக்சிஜன் சீக்கிரம் அரித்துவிடும். புஷ்ஷை மாற்றிய பிறகு எண் 60ஐத் தாண்டியது. சிறுதோட்டக்காரர்களுக்குப் பழைய விலையும் திரும்பியது.

இதற்குச் சாட்சி எங்கே? ஆலை கைமாறியபோது பழைய பதிவேடுகளை எரித்துவிட்டார்கள். இரண்டு வாரம் அலைந்தேன், ஒன்றும் அகப்படவில்லை. ஒருநாள் அத்தை வீட்டில் கோப்பி குடித்துக்கொண்டிருந்தபோது, அவர் பழைய கூட்டுக் கணக்கை, அதாவது சீட்டுப் பணக் கணக்கைப் பார்க்கப் பிஸ்கட் டின்னைத் திறந்தார். யார் எந்த மாசம் கூட்டு எடுத்தார்கள் என்று எழுதியிருந்த தாள்களைத் திருப்பினால், பின்பக்கம் மாமா கையெழுத்தில் பி.ஆர்.ஐ. எண்கள்! அந்தக் காலத்தில் மாமா லேப்பிலிருந்து கழிவுத்தாள் என்று கொண்டுவந்து கொடுத்தவை. பதினொரு தாள், தேதியோடு. புஷ் மாற்றுவதற்கு முன்னும் பின்னும் இரண்டுமே இருந்தன. உடனே பட்டணத்துக்கு ஓடி போட்டோஸ்டாட் எடுத்தேன். கூட்டுப் பணம் கட்டாதவர்கள் பெயர் இருந்த பக்கத்தை மட்டும் அனுப்பக்கூடாது என்று அத்தை கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

இந்த முறை 'கட்டுரைகள்' கட்டத்தில், அந்த மாதிரி எடுக்கும் முறையை ஒரு பக்கத்தில் எழுதி, தாள்களை இணைத்தேன். பெரியவர் ஒரு கடிதம் தந்தார், எங்கள் ரப்பரை வாங்கிய டயர் கம்பெனியில் முன்பு தரம் பார்த்தவர் இன்னொன்று. எல்லாவற்றையும் முதலில் தமிழில் எழுதிவிட்டுப் பிறகுதான் ஆங்கிலத்துக்கு மாற்றினேன். நேரடியாக ஆங்கிலத்தில் உட்கார்ந்தால் மறுபடியும் 'அர்ப்பணிப்பு' வந்துவிடுகிறது.

நான்கு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. கோலாலம்பூரில் ஹோட்டல் விருந்து, மேடை, கைகுலுக்கல். மாமா பேசியது மொத்தம் இரண்டு வாக்கியம், அதில் ஒன்று புஷ் மாற்றிய ஃபிட்டருக்கு நன்றி.

திரும்பி வரும்போது பஸ்ஸில் பதக்கத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "வெண்கலமா இது?"

"ஆமா மாமா."

"அப்ப செம்பு இருக்கு" என்றார். வீட்டுக்கு வந்ததும் பேத்தி அதை வாங்கி, ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்த டப்பாவில் வைக்கப் போனாள். மாமா பாதி சோற்றில் எழுந்து ஓடி வந்து பிடுங்கிக்கொண்டார்.