ஆயில் லைட் எரிந்தது, ப்ரஷரை மட்டும் யாரும் அளக்கவில்லை

ஆனி மாதக் கடைசி முகூர்த்தம். திருநெல்வேலியில் கல்யாணத்தை முடித்துக்கொண்டு நாகர்கோவிலுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். காற்றாலைகள் நிற்கும் முப்பந்தலில், இசக்கியம்மன் கோயில் பக்கம் வண்டியை ஓரங்கட்டினேன். ஏசி ஓடட்டும் என்று இன்ஜினை அணைக்கவில்லை. அப்போதுதான் டாஷ்போர்டில் சிவப்பாக, எண்ணெய்க் கிண்டி போல இருக்குமே, அந்த விளக்கு மினுங்கியது. ஆக்சிலேட்டரை லேசாக மிதித்தால் அணைகிறது, காலை எடுத்தால் எரிகிறது.

உடனே அணைத்துவிட்டேன். பத்து நிமிஷம் கழித்து டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தால், ஆயில் மேல்கோட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறது. இன்ஜினில் 'டக் டக்' என்று டாப்பெட் சத்தம் வருகிறதா என்று கேட்கலாமென்றால் அந்தக் காற்றில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது. பானட்டை என் மகன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான்.

ஆரல்வாய்மொழியிலிருந்து ஒரு மெக்கானிக் பைக்கில் வந்தார். அவரும் டிப்ஸ்டிக்கைப் பார்த்தார். "ஆயில் இருக்கு சார், சென்சர்தான். ஒண்ணும் செய்யாது, ஓட்டிட்டுப் போங்க" என்றார். நம்பி வீடு வரை ஓட்டினேன். ரெக்கவரி வண்டியைக் கூப்பிட்டிருக்க வேண்டும். அந்தப் பதினைந்து கிலோமீட்டரை இப்போது நினைத்தாலும் வயிறு கலங்குகிறது.

ஆயில் அளவு வேறு, ஆயில் ப்ரஷர் வேறு. சம்ப்பில், அதாவது இன்ஜினுக்கு அடியில் இருக்கும் தொட்டியில், ஆயில் நிறைந்து கிடந்தாலும், பம்ப் அதை உறிஞ்சி, சுழலும் பாகங்களைத் தாங்கும் பேரிங்குகளுக்குத் தள்ளவில்லை என்றால் பிரயோஜனமில்லை. இன்ஜின் பிளாக்கில் திருகியிருக்கும் சின்ன சுவிட்ச்தான் இந்த விளக்கை எரிய வைக்கிறது. பல பெட்ரோல் கார்களில் ப்ரஷர் சுமார் 0.3 பாருக்கு (பார் என்பது அழுத்தத்தின் அளவு) கீழே போனால்தான் அது எரியும். 0.3 என்பது கிட்டத்தட்ட ஒன்றுமில்லாத மாதிரி. அதாவது இது முன்கூட்டியே சொல்லும் விளக்கு இல்லை. எரிகிறது என்றாலே வண்டி ஓடக்கூடாது.

மறுநாள் நாகர்கோவிலில் ஒரு ஒர்க்‌ஷாப். சுவிட்சை மாற்றினார்கள், ஆயிலும் மாற்றினார்கள், விளக்கு அணைந்தது. மூன்று நாள் நிம்மதியாக இருந்தேன். நாலாம் நாள் பார்வதிபுரத்தில் சிக்னலுக்கு நிற்கும்போது மறுபடியும் கிண்டி மினுங்கியது. வீட்டுக்கு வந்து பில்லை எடுத்துப் பார்த்தேன். கம்பெனி சொன்ன 5டபிள்யூ-30 கிரேடு ஆயிலுக்குப் பதில் அதைவிடக் கெட்டியான 20டபிள்யூ-50 ஊற்றியிருக்கிறார்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆயில் கெட்டியானால் சூட்டிலும் ப்ரஷர் கொஞ்சம் தாங்கும், விளக்கும் அணையும். ஆனால் கோளாறு அப்படியே உள்ளே இருக்கும். கழற்றிய பழைய சுவிட்சைக் கேட்டேன், தூக்கிப் போட்டுவிட்டார்களாம். தயவுசெய்து பில்லில் ஆயில் கிரேடைப் படியுங்கள். கழற்றிய சாமானைக் கையோடு வாங்குங்கள்.

இரண்டாவது போனது பெரிய இடம். பானட்டைத் திறந்தார்கள், ஸ்டார்ட் பண்ணினார்கள், "பேரிங் போயிருக்கு, இன்ஜின் இறக்கணும், 65,000 ஆகும்" என்றார்கள். "ப்ரஷர் எவ்வளவு காட்டுது?" என்று கேட்டேன். "லைட்தான் எரியுதே சார்" என்று பதில் வந்தது. ப்ரஷரை அளக்கும் கேஜ் போட்டுப் பார்க்கச் சொன்னேன். கேஜ் இல்லையாம். 65,000 ரூபாய் வேலையைச் சொல்கிற இடத்தில், சில ஆயிரத்துக்குக் கிடைக்கிற கேஜ் ஒன்று இல்லை! வண்டியைத் திரும்ப எடுக்க அரை நாள் போராட்டம். இன்ஸ்பெக்‌ஷன் சார்ஜ் கட்டிய பிறகுதான் சாவியைக் கொடுத்தார்கள்.

என் மச்சான் தக்கலைப் பக்கம் ஒரு மெக்கானிக் அண்ணனைச் சொன்னான். இந்தத் தடவை நான் ஓட்டவில்லை, ரெக்கவரியில்தான் ஏற்றிக்கொண்டு போனேன். ஒரு ஆஸ்பெஸ்டாஸ் ஷெட், இரண்டு பையன்கள். நான் கதையை ஆரம்பிக்கும் முன்பே "கேஜ் போட்டுப் பாப்போம், பொறகு பேசுவோம்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கே எனக்குப் பாதி பாரம் இறங்கியது.

முதலில் சுவிட்ச் ஒயரைக் கழற்றினார், விளக்கு அணைந்தது. அப்படியானால் விளக்கை எரிய வைத்தது பாடியில் எங்காவது உரசிய ஒயர் இல்லை. சுவிட்சைக் கழற்றிவிட்டு அந்த ஓட்டையில் கேஜைத் திருகினார். குளிர்ந்த இன்ஜினில் 4 பார். எனக்கு முகம் மலர்ந்துவிட்டது. "சூடாகட்டும், இப்பம் பாத்தா ஒண்ணும் தெரியாது" என்றார். ரேடியேட்டர் ஃபேன் இரண்டு தடவை சுற்றி நிற்கும் வரை காத்திருந்தோம். ஐடிலில், அதாவது ஆக்சிலேட்டரை மிதிக்காதபோது, முள் 0.3க்கு இறங்கியது. 3000 ஆர்பிஎம்மில் பிடித்தார். முள் 2 வரை ஏறியது, ரேஸ் அப்படியே நிற்கும்போதே மெதுவாக இறங்கத் தொடங்கியது.

"பாத்தியளா? பேரிங் தேஞ்சா ஐடிலில் குறையும், ரேஸ் பண்ணினா ஏறி நிக்கும். இது ஏறிட்டு விழுது. கீழேர்ந்து உறிஞ்ச முடியல" என்றார்.

சம்ப்பை இறக்கினார்கள். ஆயில் உறிஞ்சும் ஸ்ட்ரெய்னரின் வலையில் முக்கால்வாசி அடைப்பு. சாம்பல் நிறத்தில் ரப்பர் துணுக்குகள். ஒன்றை நகத்தால் நிமிண்டி எடுத்தேன், புழு மாதிரி சுருண்டு வந்தது. கசிவை அடைக்கப் போடும் கேஸ்கெட் பேஸ்ட். போன வருஷம் சம்ப் கசிகிறது என்று ஒரு இடத்தில் ஒட்டக் கொடுத்திருந்தேன். மெல்லிய கோடாகப் போட வேண்டிய பேஸ்ட்டை அள்ளி அப்பியிருக்கிறார்கள். உள்பக்கம் பிதுங்கியது காய்ந்து உதிர்ந்து, ஸ்ட்ரெய்னரில் வந்து உட்கார்ந்துவிட்டது. ஆயில் சூடாகும் வரை தெரியவில்லை, அவ்வளவுதான்.

சம்ப் இறங்கியிருக்கும்போதே ஒரு பேரிங் கேப்பையும் கழற்றிக் காட்டச் சொன்னேன். தேய்ந்திருந்தால் தெரியும் செம்பு தெரியவில்லை, கீறலும் இல்லை. அந்த நிமிஷம் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஸ்ட்ரெய்னரில் போடும் ரப்பர் வளையமான ஓ-ரிங்குக்காக ஒரு நாள் வீணானது தனிக் கதை. தக்கலையிலிருந்து நாகர்கோவில் ஸ்பேர் கடைக்குப் போனால் சேசிஸ் நம்பர் கேட்டார்கள். ஆர்சி வண்டிக்குள் கிடக்கிறது. ஷெட்டுக்கு போன் பண்ணினால் யாரும் எடுக்கவில்லை. திரும்பி வந்து, மறுபடி போனால் கடை மூடியாச்சு. அடுத்த நாள் ஞாயிறு. ஆர்சியைப் போட்டோ எடுத்து போனில் வைத்துக்கொள்ளுங்கள். சேசிஸ் நம்பர் இல்லாமல் தோராயமாக ஒரு ஓ-ரிங்கை வாங்கிவிடவும் வேண்டாம். அது சரியாக உட்காரவில்லை என்றால் பம்ப் காற்றை இழுக்கும், விளக்கு மறுபடியும் எரியும்.

ஸ்ட்ரெய்னரைக் கழுவி, பழைய பேஸ்ட் முழுவதையும் சுரண்டி, அளவாகப் புது பேஸ்ட் போட்டு, பேஸ்ட் டியூபில் சொன்ன நேரம் காயவிட்டு, 5டபிள்யூ-30 ஊற்றி, புது ஃபில்டர் மாட்டினார்கள். சூட்டில் ஐடிலில் 1.1 பார். 3000 ஆர்பிஎம்மில் 3.4, முள் அசையாமல் நின்றது. அதைப் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன். மொத்தம் 4,850 ரூபாய்.

உள்ளே மிச்சம் மீதி துணுக்கு இருக்கலாம், 1000 கிலோமீட்டரில் ஃபில்டரை மாற்றிவிடலாம் என்றார் அண்ணன். போன வாரம் மாற்றினோம். பழைய ஃபில்டரை அறுத்து விரித்துக் காட்டினார். மடிப்புக்குள் அதே சாம்பல் நிறத்தில் இரண்டு துணுக்குகள். கேஜை மறுபடி மாட்டினார்: ஐடிலில் 1.1.