திருகோணமலைக் கரையில் அவரைக் குடும்பத்தைத் தேடி

பேராதனைப் பூங்காவுக்குள் இருக்கும் தேசிய ஹெர்பேரியத்தின், அதாவது உலர்செடிக் காப்பகத்தின், பழைய பதிவுகளைப் பார்க்கிறவர்களுக்கு ஓர் ஏக்கம் வராமல் போகாது. செடியைக் காயவைத்து, தாளில் ஒட்டி, நூறு நூற்றைம்பது வருடங்களாகப் பூச்சி அரிக்காமல் காத்திருக்கிறார்கள். எங்கே எடுத்தது என்று பார்த்தால், பலவற்றில் 'திருகோணமலை' என்ற ஒற்றைச் சொல்தான். கோட்டையடியா, நிலாவெளி மணலா, கன்னியாப் பக்கத்துக் காடா? 1849 முதல் 1880 வரை பூங்காவை நடத்திய துவெயிற்ஸ், வேறு வேறு ஊரில், வேறு வேறு காலத்தில் எடுத்த செடிகளுக்கும் ஒரே இனம் என்றால் ஒரே சி.பி. ('சிலோன் பிளான்ட்ஸ்') எண்ணைத்தான் கொடுத்தார்; எண்ணை வைத்தும் இடத்தைப் பிடிக்க முடியாது. அந்தக் காலத்தில் திருகோணமலைப் பக்கம் செடி சேகரித்தவர் கிளெனி பாதிரியார். கிளெனியா என்ற மரப் பேரினம் அவர் பெயரில்தான் இருக்கிறது. அவர் எந்த ஒழுங்கையால் நடந்தாரோ!

அந்த ஒற்றைச் சொல்லுக்குள் என்ன இருக்கிறது என்று, அவரைக் குடும்பத்துச் செடிகளை மட்டுமாவது தேடிப் பார்க்கத்தான் பஸ் ஏறினேன்.

நிலாவெளியில் இறங்கி மணலில் கால் வைத்ததுமே ஆள் கிடைத்துவிட்டது. அடம்பன் கொடியோடு பின்னிக்கொண்டு ஓடும் காட்டு அவரை, கனவாலியா ரோசியா. தடித்த மூன்று சிற்றிலை, ஊதா கலந்த இளஞ்சிவப்புப் பூ. குனிந்து பாருங்கள்: மற்ற அவரைப் பூக்களில் மேலே நிமிர்ந்து நிற்கும் பெரிய இதழ் இதில் கீழே இருக்கும், பூவே தலைகீழ். காய்ந்து தாளில் ஏறியதும் நிறம் பழுப்பாகிவிடும், பூ எந்தப் பக்கம் பார்த்தது என்பதும் தெரியாது. எடுத்தவர் அங்கேயே நின்று எழுதினால்தான் உண்டு. விதை கடலில் மிதந்து போய் வேறு கரையில் முளைக்கும். வெப்பமண்டலக் கடற்கரைகளில் எல்லாம் இந்தக் கொடி இருப்பது அதனால்தான்.

கொஞ்சம் தள்ளி ஒரு முட்புதருக்குள் கையை விடப் போனேன். வலை பொத்திக்கொண்டிருந்த ஐயா ஒருவர் சத்தம் போட்டார்.

"தம்பி, அது கழற்சி! கொளுவினா விடாது."

இதுவும் அவரைக் குடும்பம்தான். காம்பெல்லாம் வளைந்த முள், காயின் தோலிலும் முள். வெடித்த காய்க்குள் சாம்பல் நிறத்தில் வழுவழுப்பான இரண்டு கொட்டைகள். "சின்னனில கல்லில தேய்ச்சுச் சூடு வைப்பம்" என்று சிரித்தார். வீக்கத்துக்கு அரைத்துப் பூசுவார்களாம். இப்படிப்பட்ட காயை அமுக்கித் தாளில் ஒட்ட முடியாது, தனியாகத்தான் வைக்கவேண்டும். புளி, கழற்சி மாதிரிச் செடிகளில் இன்னொரு தொல்லையும் உண்டு: காயும்போது சிற்றிலைகள் கொட்டிவிடும், கடைசியில் ஈர்க்குத்தான் மிஞ்சும். அவற்றையெல்லாம் பொறுக்கி ஒரு கடதாசி உறையில் போட்டுத் தாளோடு சேர்த்து வைப்பவர்களை நினைத்தால் உண்மையிலேயே மரியாதை வருகிறது.

1893இல் வெளிவரத் தொடங்கிய டிரைமனின் இலங்கைத் தாவர நூலில் சிங்களப் பெயரோடு தமிழ்ப் பெயரும் உண்டு. அந்தப் பெயர்களைச் சொல்லிக்கொடுத்தவர்கள் இந்த ஐயாவைப் போன்றவர்களாகத்தான் இருந்திருப்பார்கள். அவர்கள் பெயர் எந்தச் சீட்டிலும் இருப்பதில்லை. எனக்கு அது சரியாகப் படவில்லை.

அனுமதி இல்லாமல் செடி எடுக்கக்கூடாது. எதிரே தெரியும் புறாத்தீவு 2003 முதல் தேசியப் பூங்கா. அதனால் படமும் குறிப்பும் மட்டும்தான். என் குறிப்பில் கழற்சிக்கு இப்படி எழுதினேன்: நிலாவெளி, கடலோர மணல்மேட்டின் தரைப்பக்கம், அடம்பன் கொடி முடியும் இடம், பூ இல்லை, முற்றிய காய், பெயர் சொன்னவர் கரைவலை ஐயா.

அப்புறம் கன்னியா ரோட்டில் அதே குடும்பத்து ஆவரசு பூத்திருக்கிறதா என்று பார்க்க ஓட்டோ பிடித்தேன்.